கொடுக்கப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள், வாங்கப் போனால் விலை சொல்கிறார்கள்: செகண்ட் ஹேண்ட் கடைகள் எப்படித்தான் நடக்கின்றன?

வாசற்படி (கேள்வி):

பெரியம்மா காலமான பிறகு அவர் வீட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் இல்லாதவர்; எதையும் தூக்கிப் போடாதவர். உறவினர்கள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகும் அறை அறையாகச் சாமான்கள் மிச்சம். விற்றுக் காசு பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று, தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் செகண்ட் ஹேண்ட் கடைக்கு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனேன்.

பின்வாசலில் நின்ற பெண் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பளிச் சட்டைகள், பீங்கான் தட்டுகள், மேசை விளக்கு, சுவர்க் கடிகாரம் எல்லாம் உள்ளே போயின. மெத்தை வேண்டாம். ஒரு பக்கத்துக் கம்பி கீழே இறங்கும் குழந்தைக் கட்டில் வேண்டாம். ஒரு தொகுதிகூடக் குறையாத கலைக்களஞ்சியம், அதுவும் வேண்டாம். "கட்டிலில் ஒரு கீறல்கூட இல்லையே" என்றேன். "கீறல் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். தானம் கொடுக்க வந்தவனை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவது எந்த ஊர் நியாயம்?

சில நாள் கழித்து அதே கடைக்கு முன்வாசல் வழியாகப் போனேன். பெரியம்மாவின் கடிகாரம் சுவரில் தொங்கியது. அதன் கழுத்தில் ஒரு விலைச்சீட்டு. சின்ன விலை அல்ல. நான் சும்மா கொடுத்த பொருள்! ஏழைகளுக்குப் போகும் என்று நினைத்துக் கொடுத்தது காசுள்ளவன் வீட்டுச் சுவருக்குப் போகப் போகிறது.

இன்னும் பாதி வீடு மிச்சம் இருக்கிறது. மறுபடி அங்கே கொண்டு போகலாமா? விற்காததை எல்லாம் குப்பையில் கொட்டுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? இந்தக் கடைகளில் கொடுத்தும் வாங்கியும் பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம் அலமாரி:

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் புத்தகத்துக்காக மட்டும் போகிறவன். முன்பெல்லாம் பெட்டியோடு அள்ளிக்கொண்டு வரலாம். இப்போது கொஞ்சம் நல்ல புத்தகமாக இருந்தால் அதை இணையத்தில் தேடிப் பார்த்து விலை போடுகிறார்கள். போதாததற்கு, காலையில் கடை திறக்கும்போதே ஒரு கூட்டம் கைப்பேசியுடன் உள்ளே நுழைகிறது. புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பின்னட்டையின் பார்கோடைக் கைப்பேசியில் காட்டி, லாபம் தெரிந்தால் கூடையில் போடுகிறார்கள், இல்லையென்றால் தலைகீழாகச் செருகிவிட்டுப் போகிறார்கள். படிக்கிறவனுக்கு மிஞ்சுவது பழைய வரி வழிகாட்டிகளும் உடல் இளைக்கும் புத்தகங்களும்தான்.

அந்தக் கலைக்களஞ்சியத்தை மட்டும் எங்கேயும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். கடைக்காரர்கள் அதைப் பார்த்தாலே ஓடுவார்கள். எடை அதிகம், இடம் அதிகம், வாங்க ஆள் இல்லை.

---

பின்வாசல்:

நான் இப்படிப்பட்ட ஒரு கடையின் பின்கட்டில், பொருள் பிரிக்கும் மேசையில் வேலை செய்கிறவள். உங்களைத் திருப்பி அனுப்பியவர் நான் இல்லை. நானாக இருந்தாலும் அதே மூன்றையும்தான் திருப்பியிருப்பேன். என்ன, நின்று காரணம் சொல்லியிருப்பேன்.

முதலில் கட்டில். பக்கம் இறங்கும் கட்டிலில் அந்தக் கம்பியைத் தாங்கும் கொக்கிகளும் பிளாஸ்டிக் துண்டுகளும் நாளாக ஆகத் தளர்ந்து ஒரு மூலை கழன்றுகொள்ளும். அந்த இடைவெளியில் குழந்தை சிக்கி மூச்சுத் திணறிய மரணங்கள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் இத்தகைய கட்டிலைப் புதிதாகவும் விற்கக்கூடாது, பழையதாகவும் விற்கக்கூடாது. தொண்டுக் கடைக்கும் விலக்கு இல்லை. கீறல் பிரச்சினை இல்லை என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான். அதைத் தெருவோரம் வைத்துவிடாதீர்கள், யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தொங்கும் கம்பியைக் கயிற்றால் கட்டிப் பயன்படுத்துவார்கள். பிரித்துப் பலகையாக்கி அப்புறப்படுத்துங்கள்.

காரில் பொருத்தும் குழந்தை இருக்கையும் தலைக்கவசமும் இதே வகைதான். இருக்கையின் பிளாஸ்டிக்கிலேயே காலாவதித் தேதி பதித்திருக்கும். பெரும்பாலும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தலைக்கவசம் ஒருமுறை அடிவாங்கியிருந்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், வெளியே பளபளப்பாகத் தெரியும். விபத்தில் சிக்கியதா இல்லையா என்பது கொடுக்கிறவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, வாங்குகிறவருக்குச் சுத்தமாகத் தெரியாது. பிரிட்டனில் சோபாவுக்கே இந்தக் கதி: 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு, தைத்திருக்கும் தீப்பாதுகாப்பு லேபிளை யாராவது அழகுக்காகக் கத்தரித்து எறிந்திருந்தால் எவ்வளவு நல்ல சோபாவானாலும் தொண்டுக் கடை தொடாது. மெத்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சி என்ற ஒரு சொல் போதும்.

இனி, சும்மா கொடுத்ததை ஏன் விற்கிறார்கள் என்பது. இந்தக் கடைகள் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். இப்படிப்பட்ட கடைகளை நடத்தும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான குட்வில் 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியாரால் தொடங்கப்பட்டது. வசதியானவர்கள் வீட்டில் பழைய துணிகளையும் சாமான்களையும் வாங்கி, வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்துப் பழுதுபார்க்க வைத்து, அவற்றை விற்ற பணத்தில் மீண்டும் கூலி கொடுத்தார். பொருளை அப்படியே ஏழைக்குக் கொடுப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. உங்கள் பெரியம்மாவின் கடிகாரம் காசுள்ளவர் வீட்டுக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் காசு கடையில் இருந்துவிடும். காசில்லாதவருக்குத் தேவை அந்தக் கடிகாரமா, அவர் பிள்ளைக்கு ஒரு குளிர்ச்சட்டையா?

ஆனால் எல்லாக் கடையும் ஒன்றல்ல. சில கடைகள் லாப நோக்கமுள்ள கம்பெனிகள். தொண்டு நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, அதற்கு எடைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி தவறில்லை. கொடுப்பதற்கு முன் "விற்ற பணம் யாருக்குப் போகிறது?" என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான கடை முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

மேசையில் நடப்பதைக் கேளுங்கள். கட்டிய பையை அவிழ்த்தவுடன் கண்ணுக்கு முன் மூக்குதான் வேலை செய்யும். ஈர வாடை வந்தால் அந்தப் பை முழுவதும் போயிற்று. மழையில் நனைந்த ஒரு துண்டு போதும். இரண்டு நாள் மூடிய பைக்குள் இருந்தால் பூஞ்சை கம்பளிச் சட்டை வரை ஏறியிருக்கும். கடை மூடிய பிறகு இரவில் வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடை இல்லையென்றால் கை போகும்: முதலில் கழுத்துப்பட்டையின் உள்பக்கம், அடுத்து அக்குள், அடுத்து கால்சட்டையின் தொடைக் கவட்டை, கடைசியாகப் பைகள். துணி பழசாகிறதா என்பது முதலில் சொன்ன மூன்று இடங்களில்தான் முதலில் தெரியும். உடையின் பைகளில் இருந்து திருமண மோதிரம், பல்செட், மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதம் எல்லாம் வந்திருக்கின்றன. மோதிரத்தின் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் பெயர் இல்லாத மூட்டையில் வந்திருந்தால் யாரைத் தேடுவது? தயவுசெய்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

குப்பை விஷயம் உண்மையும் பொய்யும் கலந்தது. உடைந்த பொம்மை, மூடியில்லாத டப்பா, திரை கீறிய தொலைக்காட்சி இவற்றைக் கொடுக்கிறவர் கொடுத்த நிம்மதியோடு போய்விடுகிறார். அதைக் குப்பைக்கு அனுப்பக் கடை கட்டணம் கட்டுகிறது. அந்தக் கட்டணம் நீங்கள் கொடுத்த நல்ல கடிகாரத்தை விற்ற காசில் இருந்துதான் போகிறது. வாசலில் திருப்பி அனுப்புவதற்குப் பாதிக் காரணம் இது.

துணி வேறு வழியில் போகும். விலைச்சீட்டில் ஒரு நிறம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எந்த வாரம் வெளியே வந்த சரக்கு என்பதற்கான அடையாளம். பல கடைகளில் வாரம் ஒரு நிறத்துக்குத் தள்ளுபடி. அப்போதும் நகராவிட்டால் இன்னொரு கிளைக்கு, அங்கேயும் நகராவிட்டால் அழுத்திக் கட்டிய பொதியாக எடைக்கு விற்பனை. நல்ல பருத்தியைக் கத்தரித்துப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணியாக்குவார்கள். கம்பளியில் ஒரு பங்கு ஹரியானாவின் பானிபட்டுக்குப் போகிறது. அங்கே அதை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, திரும்ப நூற்று மலிவான போர்வை நெய்கிறார்கள். வெள்ளம், நிலநடுக்கம் என்றால் நிவாரண முகாமில் கொடுக்கிற போர்வைகளில் அந்த வகை உண்டு. இன்னொரு பங்கு கானாவின் தலைநகரான அக்ராவில் உள்ள கான்டமான்டோ சந்தைக்குப் போகும். அங்கே வியாபாரி பொதியைத் திறக்காமலே கடன் வாங்கிப் பணம் கட்டி எடுக்கிறார். உள்ளே நல்ல துணி இருந்தால் அவர் பிழைத்தார். நாம் கொடுத்த கறைபடிந்த டீசர்ட் இருந்தால் நட்டம் அவருக்கு. சிலியின் அடகாமா பாலைவனத்தில் துணி மலை மலையாகக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இக்கிகே துறைமுகத்தில் இறங்கிய பொதிகளில் விற்காதவை அங்கே கொட்டப்பட்டவை. "யாராவது ஏழை போட்டுக்கொள்வான்" என்று கிழிந்ததைப் பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழிந்ததை உங்கள் வீட்டிலேயே கைப்பிடித் துணியாக்குங்கள்.

---

நூல்கண்டு:

பின்வாசல் அக்கா கொடுப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டார். வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். தையல் தொழில் எனக்கு. என் உடைகளில் பெரும்பகுதி இந்தக் கடைகளில் எடுத்து நானே பிரித்துத் தைத்தவை.

கடையில் நான் முதலில் சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்புவேன். வெளிப்பக்கம் எல்லா உடையும் அழகாகத்தான் இருக்கும். தையலுக்கு வெளியே விட்டிருக்கும் துணி ஒரு விரல் அகலம் இருந்தால் அது பிரித்து அகலப்படுத்த இடம் வைத்துத் தைத்த உடுப்பு, பெரும்பாலும் பழையது. விளிம்பு ஒட்டிக் கத்தரித்து இயந்திரத்தில் ஓட்டியிருந்தால் உடல் பருத்தால் அதற்கு வழியே இல்லை. கோடு போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சேர்கிறதா பாருங்கள். சேர்த்துத் தைத்தால் துணி சேதாரம் அதிகம். அந்தச் செலவைச் செய்த கம்பெனி மற்ற இடத்திலும் ஓரளவு ஒழுங்காக இருக்கும்.

ஜிப்பை மூன்று முறையாவது ஏற்றி இறக்குங்கள். இழுக்கும் பிடியில் ஒய்கேகே (YKK) என்று பொறித்திருந்தால் நல்லது. 1934இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பெனி, இன்றும் ஜிப் என்றால் அதுதான். ஆனால் ஜிப் கெட்டிருக்கிறது என்பதற்காக நல்ல கோட்டை விட்டுவிடாதீர்கள். ஜிப் மாற்றலாம். அக்குளில் வியர்வை தின்ற பட்டுத் துணியை மாற்ற முடியாது. கம்பளியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள், பூச்சி அரித்த துளைகள் ஊசிமுனை அளவில் ஒளி விடும். ஒரு துளை இருந்தால் தைத்துக்கொள்ளலாம். நாலைந்து இருந்தால் உள்ளே முட்டையும் இருக்கலாம், வைத்துவிடுங்கள்.

அளவு எண்ணை நம்பவே நம்பாதீர்கள். பெண்கள் உடையில் அதே எண் கொண்ட பழைய உடை இன்றைய உடையைவிடச் சிறியதாக இருக்கும். கைப்பையில் ஒரு இஞ்சுநாடா வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொருந்தும் சட்டையின் மார்பளவைத் தெரிந்துகொண்டு போனால் துணி மாற்றும் அறை வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

காலணியில்தான் ஏமாற்றம் அதிகம். அணியாத புது ஷூ, பெட்டியோடு இருக்கும். வாங்கி வந்து போட்டு நடந்தால் அடிப்பாகம் கேக் மாதிரி உதிரும். பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த நுரை அடிப்பாகம் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைகிறது, அணிந்தாலும் அணியாவிட்டாலும். கடையிலேயே குதிகாலுக்கு மேலே நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் சரி. பொடி ஒட்டினால், நுண்ணிய வெடிப்பு தெரிந்தால், வேண்டாம். தோலில் தைத்த அடிப்பாகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்த துணியை அலமாரியில் வைப்பதற்கு முன் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். சூடு தாங்காத கம்பளியை உறை கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைக்கலாம். பாச்சை உருண்டை வாடை மட்டும் துவைத்தால் போகாது. நிழலில் காற்றாட வாரக் கணக்கில் தொங்கவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொறுமை இல்லாதவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு அப்போதே விட்டுவிடுவது நல்லது.

---

மூன்றாம் அலமாரி:

எல்லாம் சரி, பார்கோடு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மறுவிற்பனைக்கு வாங்குகிறவர்களைக் கடை ஏன் உள்ளே விடுகிறது?

---

பின்வாசல்:

விடுவோம். அவர்கள் கொடுப்பதும் காசுதான், அதுவும் மழை, வெயில் பார்க்காமல் வருகிறவர்கள். எங்கள் பின்கட்டில் புத்தகம் கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்திருக்கிறது. அவர்கள் எடுத்தால் தட்டு காலியாகும், நீங்கள் தேடுவது வெளியே வரும். எனக்கு அவர்கள்மேல் இருக்கும் ஒரே வழக்கு நீங்கள் சொன்ன அந்தத் தலைகீழ்ச் செருகல். குளிர்காலக் கோட்டுகளையும் குழந்தை உடைகளையும் மொத்தமாக அள்ளுகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு ஆளுக்கு இத்தனை என்று வரம்பு வைக்கச் சொல்லி நானே மேலாளரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பாதி ஜெயித்தேன்: கோட்டுக்கு வரம்பு வந்தது, குழந்தை உடைக்கு வரவில்லை.

---

வாசற்படி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கட்டில் விஷயத்தை அந்தப் பெண் ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கடிகாரத்தைப் பற்றி பின்வாசல் அக்கா சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை, இருந்தாலும் மிச்சத்தைக் கொண்டு போகிறேன். பாக்கி இருப்பவை: மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த ஒரு தையல் இயந்திரம், டின் நிறையப் பொத்தான்கள், இரும்பு வாணலி ஒன்று, நின்றுபோன ஒரு மடிக்கணினி, நாலு போட்டோ ஆல்பங்கள். எதைக் கொடுக்கலாம்?

---

நூல்கண்டு:

பொத்தான் டின்னைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் அதற்காகவே வருகிறோம். வாணலியைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள், ஆடாமல் நின்றால் நல்லது. விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும், மங்கலாக ஒலித்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. துரு பரவாயில்லை, தேய்த்தால் போகும்.

---

பின்வாசல்:

மடிக்கணினி வேண்டாம், உள்ளே தகவல் இருக்கும் வட்டை (ஹார்ட் டிஸ்க்) அழிக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஓடாத கணினியை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், அதுவும் வட்டைக் கழற்றிய பிறகு. ஆல்பங்களைப் பற்றிப் பேச்சே இல்லை, உறவினர் யாராவது கேட்பார்கள், வைத்திருங்கள். எங்கள் மேசைக்கு வந்தால் படங்களை உருவிவிட்டு வெறும் அட்டையைத்தான் விற்போம்.

தையல் இயந்திரம் கட்டாயம் கொண்டு வாருங்கள், ஆனால் சாவியோடு. பூட்டிய பெட்டி வந்தால் உடைத்துத் திறக்க வேண்டியிருக்கும், உடைத்த பெட்டிக்குப் பாதி விலைதான். சாவியை ஒரு உறையில் போட்டுப் பெட்டியின் அடிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பாபினும் கால்தகடும் தனித்தனியாக இருந்தால் அதே உறையில். ஓடுகிறதா, பட்டை அறுந்திருக்கிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தால் விலை போடுகிறவர் உங்களை வாழ்த்துவார். காலையில் வாருங்கள், மதியத்துக்கு மேல் மேசை நிரம்பிவிடும், நல்ல பொருளையும் பார்க்காமல் திருப்பி அனுப்புகிற நேரம் அது.